ஜி2 நிலையில் எத்தனை குரோமோசோம்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

செல் பிரிதல் பற்றிய தங்கள் கட்டுரையைப் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுடன் சேர்ந்து வாசித்தேன். எஸ் நிலையில் டி.என்.ஏ. இருமடங்காகிறது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே, எஸ் நிலைக்கும் பிரிதலுக்கும் இடைப்பட்ட ஜி2 நிலையிலும் மனிதச் செல்லில் குரோமோசோம்கள் 46 தான் என்கிறீர்கள். குரோமோசோம் என்பதே டி.என்.ஏ. தானே? அது இரட்டித்தால் எண்ணிக்கையும் 92 ஆக வேண்டாமா? அவளுடைய தனிப்பயிற்சி ஆசிரியர் 92 என்றுதான் விடை கொடுத்திருக்கிறார். எண்ணிக்கை மாறாது என்பது வெறும் மரபு என்றால், அப்படியொரு மரபு எதற்கு?

எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் 46 என்றே எழுதலாம். நீங்கள் விடையைவிட அதற்கான காரணத்தையே கேட்டிருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

செல் பிரிதலில் இரண்டு கணக்குகள் சேர்ந்தே ஓடுகின்றன. ஒன்று டி.என்.ஏ.வின் அளவு, மற்றொன்று குரோமோசோம்களின் எண்ணிக்கை. மனித உடல் செல் ஒன்றில் ஏறத்தாழ 640 கோடி கார இணைகள், அதாவது டி.என்.ஏ. ஏணியின் படிகள், உள்ளன. சுமார் 8 மணி நேரம் நீடிக்கும் எஸ் நிலையில், பல்லாயிரம் இடங்களில் தொடங்கும் இரட்டிப்பின் மூலம் அவை 1,280 கோடி ஆகின்றன. அளவு இருமடங்காகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் புதிதாக உருவான நகல் தன் வழியே போய்விடுவதில்லை. அது உருவாகும்போதே கொஹீசின் என்னும் புரதத்தின் வளையங்கள் இரண்டு நகல்களையும் சேர்த்துப் பிணைத்துவிடுகின்றன. பிணைந்திருக்கும் இரண்டும் சகோதரி குரோமாட்டிடுகள். இரண்டும் சேர்ந்ததே ஒரு குரோமோசோம். சென்ட்ரோமியர் பகுதியில் அவை ஒட்டியிருக்கும்வரை ஒன்றாகவே எண்ண வேண்டும்.

இதை மரபு என்று நீங்கள் சொன்னது பாதி சரி. ஆனால் அந்த மரபு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஜி2 நிலையில் குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் தனித்தனியாகத் தெரிவதில்லை. அவை சுருங்கித் தடித்துத் தெரிவது பிரிதல் தொடங்கிய பிறகுதான். எனவே தொடக்கம் முதலே ஆய்வாளர்கள், குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸ் நிலையில் உள்ள செல்களைத்தான் எண்ணினார்கள். 1923இல் தியோஃபிலஸ் பெயின்டர் மனிதனுக்குக் குரோமோசோம்கள் 48 என்று அறிவித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்கள் அதையே திருப்பிச் சொல்லிவந்தன. 1955 டிசம்பரில், சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோ, செல்களைக் கால்கிசின் என்னும் வேதிப்பொருள் கொண்டு மெட்டாஃபேஸில் நிறுத்தி, உப்புச் செறிவு குறைந்த கரைசலில் ஊதச் செய்து, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பி எண்ணிப் பார்த்தபோது 46 தான் தெரிந்தது. அவரும் ஆல்பர்ட் லெவனும் இதை 1956இல் வெளியிட்டார்கள்.

கவனியுங்கள்: அந்தச் செல்கள் அனைத்தும் எஸ் நிலையைக் கடந்தவை, அதாவது டி.என்.ஏ. ஏற்கெனவே இரட்டித்தவை. 46 என்ற எண்ணே இரட்டிப்புக்குப் பின் எண்ணிப் பெற்ற எண். ஒவ்வொரு நகலையும் தனிக் குரோமோசோமாகக் கொண்டிருந்தால், மனிதனுக்கு 92 என்றுதான் அன்றே எழுதியிருப்பார்கள். பாடநூல்களில் குரோமோசோமைப் பெருக்கல் குறி வடிவில் வரைவதும் இதனால்தான். அது இரட்டித்த குரோமோசோமின் மெட்டாஃபேஸ் தோற்றம். இரட்டிப்புக்கு முன்பும் அதற்கு அதே வடிவம்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதற்கு அந்தப் படமே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

மகளின் பள்ளியில் வெங்காய வேர்நுனிச் செய்முறை இருக்கும். நுனியை அசிட்டோகார்மைன் சாயத்தில் இட்டு, கவர்ஸ்லிப்பின்மேல் கட்டைவிரலால் நசுக்கிப் பார்க்கும்போது, நன்கு பரவிய மெட்டாஃபேஸ் செல் ஒன்று அகப்பட்டால் 16 குரோமோசோம்களை எண்ணலாம். தெளிவாகச் சாயமேறியவற்றில் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகத் தெரியும். பக்கத்திலேயே அனாஃபேஸ் செல் இருந்தால் ஒரு முனைக்கு 16, மறுமுனைக்கு 16 என்று விலகிக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் அச்செல்லில் இருப்பவை 32. செப்பரேஸ் என்னும் நொதி கொஹீசினை வெட்டிவிட்டதால் ஒவ்வொரு குரோமாட்டிடும் தனிக் குரோமோசோம் ஆகிவிட்டது. மனிதச் செல்லிலும் அனாஃபேஸ் நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் 92 குரோமோசோம்கள் இருப்பது உண்மை. தனிப்பயிற்சி ஆசிரியர் சொன்ன எண் அந்த நிலைக்குப் பொருந்தும், ஜி2க்குப் பொருந்தாது. கேள்வி குரோமாட்டிடுகளைப் பற்றியதாக இருந்தால் ஜி2விலும் 92 சரியே. வினாத்தாளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மரபு என்பதற்கு அப்பால், அந்தப் பிணைப்பு எவ்வளவு மெய்யானது என்பதற்குக் கருமுட்டையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே, அவளுடைய முட்டைகளாக வேண்டிய செல்களில் டி.என்.ஏ. இரட்டித்து, இனச்செல்களை உருவாக்கும் மியாசிஸின் முதல் பிரிதல் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. அது மீண்டும் நகர்வது அவள் பருவமடைந்த பிறகு, அந்தந்த முட்டை வெளிப்படும் வேளையில்தான். 40 வயதில் வெளிவரும் முட்டையில் சகோதரி குரோமாட்டிடுகள் அத்தனை ஆண்டுகளும் பிணைந்தே இருந்திருக்க வேண்டும். வயதான எலிகளின் முட்டைகளில் கொஹீசின் குறைந்துபோவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பிணைப்பு தளர்ந்தால் குரோமோசோம்கள் பிழையாகப் பங்கிடப்படும். தாயின் வயதோடு டவுன் நோய்க்குறி கூடுவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அந்த நோய்க்குறி உள்ளவர்களின் செல்களில் 47 குரோமோசோம்கள் இருப்பதை ஜெரோம் லெஜூனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1959இல் வெளியிட்டார்கள்.

மியாசிஸில் கணக்கு இன்னும் சற்றுத் திருகலானது. முதல் பிரிதலில் பிரிந்து செல்பவை, தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இணைசேர்ந்த ஒத்திசைவுக் குரோமோசோம்களே. குரோமாட்டிடுகள் அப்போது பிரிவதில்லை. ஆகவே எண்ணிக்கை 23 ஆகப் பாதியானாலும் ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிடுகள் எஞ்சியிருக்கும், டி.என்.ஏ.வின் அளவோ, எஸ் நிலைக்கு முந்தைய ஜி1 நிலையில் உள்ள சாதாரண உடல் செல்லுக்குச் சமம். இரண்டாம் பிரிதலில்தான் குரோமாட்டிடுகள் பிரிந்து அளவும் அந்த ஜி1 அளவில் பாதியாகிறது. இதே கணக்கை வெங்காயத்தின் மகரந்தத் தாய்ச்செல்லுக்கு, 16இல் தொடங்கி, ஒவ்வொரு நிலைக்கும் குரோமோசோம் எண்ணிக்கை, குரோமாட்டிட் எண்ணிக்கை, டி.என்.ஏ. அளவு என்று மூன்று பத்திகளில் மகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கேனும் தடுமாறினால் எழுதி அனுப்புங்கள்.