ஆப்பிள் மரம் தன்னையே கொடுத்துவிடும் கதையைப் பிள்ளைகளுக்குத் தியாகத்துக்கு உதாரணமாகச் சொல்லலாமா?

கதையைச் சொல்லலாம். "பார்த்தியா, நீயும் அந்த மரம் மாதிரி இருக்கணும்" என்று முடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு: ஷெல் சில்வர்ஸ்டீன் 1964-ல் வெளியிட்ட கதை. மரத்துக்கு ஒரு பையன் மேல் கொள்ளைப் பிரியம். வளர்ந்ததும் காசு கேட்கிறான், பழங்களைப் பறித்து விற்கச் சொல்கிறது. வீட்டுக்குக் கிளைகள், படகுக்கு அடிமரம். கடைசியில் கிழவனாக வந்து மிச்சமிருக்கும் கட்டையில் உட்காருகிறான். ஒவ்வொரு முறையும் மரத்துக்குச் சந்தோஷம் என்றே எழுதி வந்தவர், அடிமரமும் போன இடத்தில் மட்டும் 'ஆனால் உண்மையில் இல்லை' என்று ஒரு வரி வைத்திருக்கிறார். கதையைத் தியாகப் பாடமாக்குகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நான் ஏற்காட்டுக்காரன், காப்பித் தோட்டத்து வீடு. மரத்திடம் வாங்கித்தான் நாங்களும் பிழைக்கிறோம். சில்வர் ஓக் மேல் மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பி. நிழல் அதிகமானால் கிளையைக் கழிப்போம், ஆனால் மறுபடி துளிர்க்கிற மாதிரி விட்டுத்தான் கழிப்போம், காப்பிச் செடிக்குக் கவாத்தும் அப்படித்தான். மரத்தின் மேல் இரக்கமெல்லாம் இல்லை, அடுத்த வருசமும் வேண்டுமே! அந்தப் பையன் அத்தனை ஆப்பிளை விற்றானே, ஒரு விதையை மண்ணில் போட்டானா?

கொடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. மலையிறங்கி வடக்கே போனால் தருமபுரி, பழைய தகடூர். அங்கே ஆண்ட அதியமான், நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்ததைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம், அதோடு நிறுத்தியும் விடுவார்கள். கனியின் பலனை அவன் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்தான், ஆனாலும் வாங்கியவளுக்கு அது தெரிந்திருக்கிறது, 'நீலமணி மிடற்று ஒருவன்', அதாவது நீலக் கழுத்துச் சிவன், போல நீ நிலைத்து வாழ் என்று பாடுகிறாள் (புறநானூறு 91). அதே ஔவைதான் அதியமானுக்காக அவன் பகையரசன் தொண்டைமானிடம் தூது போய், உன் ஆயுதமெல்லாம் நெய் பூசிப் பளபளவென்று இருக்கிறது, அதியமானுடையது குத்திக் குத்தி முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று வஞ்சப் புகழ்ச்சியில் குத்திக்காட்டுகிறாள். அதியமான் செத்தபோது, கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று அழுகிறாள். கொடுத்தவன் யார், எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியும். மரத்தைப் பார்த்து, உனக்கு ஏதாவது வேண்டுமா என்று அந்தப் பையன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அதனால் கதை முடிந்ததும் மரத்தை விட்டுவிட்டுப் பையனைப் பற்றிக் கேளுங்கள், பிள்ளைகள் நன்றாகவே பேசுவார்கள். என் அக்கா பையன் கேட்டது: "ஏன் மாமா, அந்த ஊர்ல வேற மரமே இல்லையா?"