அப்டேட்டுக்குப் பிறகு புதிதாக எஃப் டிரைவ் ஒன்று தெரிகிறது, 450 எம்பியில் 30 எம்பிதான் மிச்சம், இடம் போதவில்லை என்று ஓயாமல் எச்சரிக்கை வருகிறது. அழித்துவிடலாமா?

தயவுசெய்து அழிக்காதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். அளவைப் பார்த்தால் அது விண்டோஸின் ரெக்கவரி பார்ட்டிஷன், அதாவது பழுது நீக்குவதற்காக டிஸ்கில் தனியாகப் பிரித்து வைத்த பகுதி. கணினி பூட் ஆகாமல் நின்றுவிட்டால் ஸ்டார்ட்அப் ரிப்பேர் அதிலிருந்துதான் வரும்.

அது முன்பே இருந்ததுதான். டிரைவ் எழுத்து இல்லாததால் கண்ணில் படவில்லை. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் (பதிப்பு 1803) பல கணினிகளில் இதற்கு எழுத்துக் கொடுத்துவிட்டது. டிஸ்கை குளோன் செய்தாலும் (அப்படியே நகலெடுத்தாலும்) இப்படி ஆவதுண்டு. எழுத்து கிடைத்ததும் விண்டோஸ் அதையும் சாதாரண டிரைவாக எண்ணி இடத்தைக் கணக்குப் பார்க்கிறது. திறந்தால் காலியாகத் தெரியும். உள்ளே இருப்பவை மறைக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்கள். காலிதானே என்று நம்பி ஃபார்மட் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

எழுத்தை மட்டும் எடுத்தால் போதும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இந்தப் பார்ட்டிஷனை ரைட் கிளிக் செய்தால் பெரும்பாலும் 'ஹெல்ப்' தவிர வேறெதுவும் வராது. அதனால் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பார்ட்டிஷன்களைக் கையாளும் 'டிஸ்க்பார்ட்' கொடுங்கள் (கட்டளைகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள்). பிறகு 'லிஸ்ட் வால்யூம்'. எஃப் எழுத்தும் 450 எம்பியும் ஒரே வரியில் இருக்கிறதா என்று பார்த்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் 4 என்றால் 'செலக்ட் வால்யூம் 4'. இப்போது மறுபடி 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்தால் தேர்ந்தெடுத்த வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். அது சரியான வரியில் நிற்பதைப் பார்க்காமல் அடுத்த கட்டளைக்குப் போகாதீர்கள். 'ரிமூவ் லெட்டர்=எஃப்' கொடுத்ததும் எச்சரிக்கை நின்றுவிடும். இதே திரையில் 'கிளீன்' என்ற கட்டளையைத் தொடவே வேண்டாம். இடத்தைக் காலி செய்யும் கட்டளை போலத் தோன்றும். ஆனால் முழு டிஸ்கின் பார்ட்டிஷன்களையும் துடைத்துவிடும்.

ரீஸ்டார்ட் செய்ததும் எழுத்து திரும்பி வந்தால், 'எழுத்துக் கொடுக்காதே' என்ற குறி அந்தப் பார்ட்டிஷனில் விட்டுப்போயிருக்கிறது. டிஸ்கில் பார்ட்டிஷன்களைப் பதிந்து வைக்கும் முறை இரண்டு: ஜிபிடி, பழைய எம்பிஆர். 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து உங்கள் டிஸ்கின் வரியில் ஜிபிடி பத்தியில் நட்சத்திரம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதே வால்யூமை மீண்டும் செலக்ட் செய்து 'ஜிபிடி ஆட்ரிபியூட்ஸ்=0எக்ஸ்8000000000000001' கொடுங்கள். 8-க்கும் 1-க்கும் நடுவே சரியாக 14 பூஜ்ஜியங்கள். நட்சத்திரம் இல்லாத எம்பிஆர் டிஸ்க் என்றால், அதே வால்யூமை செலக்ட் செய்து 'செட் ஐடி=27'.

கடைசியாக 'எக்ஸிட்' கொடுத்து டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து, ரெக்கவரி வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' (reagentc /info) ஓட்டுங்கள். 'எனேபிள்டு' என்று வரவேண்டும். 'டிஸேபிள்டு' என்று வந்தால் 'ரீஏஜென்ட்சி /எனேபிள்' கொடுங்கள்.