பருத்திக்கு மருந்தடித்த அப்பாவுக்கு டயாலிசிஸ்: 2 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 50 வயது. பெரம்பலூர் பக்கம் ஒருவருடைய பருத்திக் காட்டில் 11 வருடம் மருந்தடித்தார். 2024 அக்டோபரில் ஸ்பிரேயர் கசிந்து, மோனோகுரோட்டோபாஸ் முதுகெல்லாம் நனைத்து, வரப்பிலேயே மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தார். அதோடு வேலை நின்றது, இப்போது டயாலிசிஸ். காட்டுக்காரர் கையுறைகூடத் தந்ததில்லை, ஆஸ்பத்திரிக்கும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது 2 லட்சம் தருகிறேன், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடு என்கிறார். அவர் மீதும் மருந்துக் கம்பெனி மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: கையுறை தராததும் பார்க்க வராததும் வழக்குக்கு உதவாது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளியின் தவறை நிரூபிக்கவே தேவையில்லை. (விபத்து 2024இல் நடந்ததால் பழைய 1923 சட்டம்தான்.) கம்பெனியையும் விடுங்கள். டப்பாவில் இருக்கிற சிவப்பு முத்திரையையும் எச்சரிக்கையையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

11 வருடம் அடித்த மருந்துதான் கிட்னியைக் கெடுத்தது என்று மட்டும் மனு போடாதீர்கள். தொழில்நோய் அட்டவணையில் பாஸ்பரஸ் சேர்மங்களால் வரும் நோய் இருக்கிறது. சிறுநீரகச் செயலிழப்பு தனியாக இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் வெயில், தண்ணீர் குடிக்காதது, வலி மாத்திரை, சர்க்கரை என்று அடுக்குவார். ஆந்திராவின் உத்தானம் பகுதியில் நிறையப் பேருக்கு ஏன் சிறுநீரகம் கெட்டது என்று மருத்துவர்களே அடித்துச் சொல்ல முடியவில்லை. அட்டவணையில் இல்லாத நோய் என்றால், வேலையில் நடந்த குறிப்பிட்ட ஒரு விபத்தின் நேரடி விளைவு என்று காட்ட வேண்டும். உங்கள் வழக்கு அந்த அக்டோபர் நாள்தான்.

எனவே அந்த ஆறு நாள் கேஸ் ஷீட்டை வாங்குங்கள். சேர்த்த அன்றே கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறியிருந்து, ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கியிருந்தால் நோய் பழையது. மருந்து கசிந்ததால் வந்தது என்று நிரூபிப்பது மிகவும் கஷ்டம். அளவு சரியாக இருந்து, அதன் பிறகு ஏறிய கிரியாட்டினின் இறங்கவே இல்லை என்றால் வழக்கு பலமானது. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலையும் பாருங்கள். 'மருந்தடிக்கும்போது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மருந்து குடித்ததாக' என்று எழுதியிருக்கும் நகல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் கூட வந்தவர் எதையோ சொல்லியிருப்பார். சில நேரம் முதலாளியின் ஆளே சொல்லியிருப்பார்.

அடுத்து அந்த ஸ்டாம்ப் பேப்பர். 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்ற வரிக்குப் பயப்பட வேண்டாம், அதே இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி அது செல்லாது. என் கட்சிக்காரர்கள் விழுந்தது அதற்கு மேலே இருக்கும் வரியில்: 'எனக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தது, நான் டேங்குக்கு இவ்வளவு என்று பல காடுகளில் அடித்து வந்தேன்.' உரிமையை விட்டுக்கொடுத்தது செல்லாமல் போகலாம், ஆனால் அப்பா ஒப்புக்கொண்ட விஷயம் அவர் கையெழுத்தோடு சாட்சியாக நிற்கும். நோயும் பழையது, அவர் என் ஆளும் இல்லை என்று காட்டுக்காரருக்கு இரண்டு வாதத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். முன்பணம் 50,000 கொடுத்து, மீதி அறுவடைக்கு அறுவடை என்று இழுப்பார்கள். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் துறை இழப்பீட்டு ஆணையரிடம் மனு போக வேண்டும். தாமதத்தை மன்னிக்க அவருக்கு அதிகாரம் உண்டு; ஆனால் 'பேசிக்கொண்டிருந்தோம்' என்ற காரணத்தை நம்பி உட்காராதீர்கள்.

மாதக்கூலி 15,000 என்றும் நிரந்தர முழு ஊனம் என்றும் நிரூபித்தால் கணக்கு இது: 15,000இல் 60 சதவீதம் 9,000, அதை, விபத்து நாளில் 50 வயது என்றால் அதற்குச் சட்டம் தரும் பெருக்கல் எண்ணான 153.09ஆல் பெருக்கினால் சுமார் 13.78 லட்சம். ஸ்கேன் சாதகமாக இருந்தால் 2 லட்சத்தைத் தொடவே தொடாதீர்கள். சுருங்கிய சிறுநீரகம் என்று இருந்தால் வீம்பு வேண்டாம். 4 லட்சம் வரை கேட்டு, 3க்கு வந்தாலும் முடித்துவிடுங்கள். எதுவானாலும் ஒப்பந்தத்தைத் தொழிலாளர் துறை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்து, பணத்தையும் அவர் வழியாகவே வாங்குங்கள். பதிவுக்கு வரமாட்டேன் என்று காட்டுக்காரர் சொன்னால் மறுநாளே மனுவைப் போடுங்கள்.