பைலட் ஒரு ரூல மீறினா லைசென்ஸ் போயிடுமா?

கேட்ட உங்கட வீட்டில யாரோ பிளேன் ஓட்டப் படிக்கினம் எண்டு நினைக்கிறன். தெரியாம விட்ட பிழையோட லைசென்ஸ் போறது குறைவு, மறைச்சாத்தான் தண்டனை கூடும், லைசென்ஸே போகவும் கூடும். பட்டுத்தான் சொல்றன்.

எனக்கு திருகோணமலை, உப்புவெளி. கொழும்புக்குப் பக்கத்தில இரத்மலானைல பிளேன் ஓட்டப் படிக்கேக்க, தனிய செஸ்னா 152 எண்ட சின்னப் பயிற்சிப் பிளேன எடுத்துக்கொண்டு திருகோணமலை விமான நிலையம் இருக்கிற சீனன்குடாவுக்கு வந்த நாள், அம்மா கடற்கரைல நிக்கிறா எண்டு தெரியும், அப்பிடியே உப்புவெளிப் பக்கம் திருப்பிக் கீழ இறக்கிட்டன். குடிமனைக்கு மேல போனா அங்க இருக்கிற உயரமான கட்டடத்தவிட 1,000 அடி மேல நிக்கோணும், நான் 400 அடில போனன். அம்மா சீலைத் தலைப்ப ஆட்டினது வடிவாத் தெரிஞ்சுது. ஆனா எஞ்சின் நிண்டிருந்தா எங்க இறக்கியிருப்பன், கீழ முழுக்க வீடுகள்.

மச்சான் அத வீடியோ எடுத்து பேஸ்புக்ல போட்டுட்டான். சீஃப் இன்ஸ்ட்ரக்டர் கூப்பிட்டு ஏன் கீழ வந்த எண்டு கேட்டார், காத்து அமத்திட்டுது சேர் எண்டன். அவர் ஒண்டும் பேசாம போனத் திருப்பிக் காட்டினார். கீழ பறந்ததுக்கு ரெண்டு கிழமை, பொய்க்கு மூண்டு மாசம் பறக்க விடேல்ல. அப்பா காணிய ஈடு வச்சுத்தான் காசு கட்டினவர், அந்த மூண்டு மாசமும் வட்டி ஓடினது.

நீயெல்லாம் பைலட்டா எண்டு எழுத வாறவங்க எழுதுங்கோ, நான் செஞ்சது பிழைதான், நியாயப்படுத்தேல்ல. ஆனா அமெரிக்காவப் பாருங்கோ, 2021ல ட்ரெவர் ஜேக்கப் எண்டவர் வீடியோவுக்காக வேணுமெண்டே பிளேன விழுத்திட்டு எஞ்சின் நிண்டது எண்டார். 2022ல லைசென்ஸ் போச்சு. உடைஞ்ச பாகங்கள ஒளிச்சு அழிச்சதுக்கு 2023ல ஆறு மாசம் சிறை. அதே நாட்டில, வேணுமெண்டு செய்யாத பிழைய 10 நாளுக்குள்ள நாசாட ரிப்போர்ட் முறைக்குத் தானா எழுதிக் குடுத்தா அனேகமா தண்டனைய விலக்கிடுவினம். 1976ல இருந்து நடக்குது. பயத்தில ஆக்கள் மறைச்சா அடுத்த பைலட்டும் அதே பிழைல விழுவான், அதுக்காகத்தான் அந்த ஏற்பாடு.

கேட்டதுக்குச் சம்பந்தமில்ல, ஆனாலும் சொல்லோணும். சீனன்குடால அவ்வளவு நல்ல ரன்வே இருக்கு, எங்கட சனத்துக்குக் கட்டுபடியாகிற விலைல ஒரு சேர்விஸ் இல்ல. அம்மா என்னைப் பாக்க கொழும்புக்கு வாறதெண்டா இண்டைக்கும் ராவு பஸ்தான்.