டெண்டர் சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்யலாம் என்றால் எதைச் செய்வீர்கள்?

மேல்முறையீட்டுப் பிரிவைத் திருத்துவேன். தமிழ்நாட்டை வைத்துத்தான் சொல்கிறேன்.

என் அப்பா சாலைப் பணி எடுக்கும் சிறிய ஒப்பந்ததாரர். முன்பு டெண்டர் பெட்டி ஆபீஸில் இருக்கும். கடைசி நாளில் வாசலில் நாலு பேர் நின்றுகொண்டு, வேண்டாதவர்களை உறை போட விடமாட்டார்கள். அப்பா இரண்டு முறை டி.டி.யோடு திரும்பி வந்திருக்கிறார். இப்போது ஆன்லைன் வந்துவிட்டது. சரி, அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் ஆளைத் தடுக்கும் வேலை டெண்டர் நிபந்தனைக்குள் புகுந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு சாலை டெண்டர் வந்தது. பணியிடத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் சொந்த ஹாட்மிக்ஸ் பிளான்ட், அதாவது தார்க்கலவை தயாரிக்கும் ஆலை, இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். தார்க்கலவை சூடு ஆறுவதற்குள் வந்து சேர வேண்டும், அதனால் தூரக் கட்டுப்பாடு நியாயம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் பிளான்ட் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். பிளான்ட் வைத்திருப்பவரிடம் ஒப்பந்தம் போட்டுக் கலவை வாங்கினால் போதுமா என்று அப்பா எழுதிக் கேட்டார். பதிலே வரவில்லை.

1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. ஆனால் டெண்டர் முடிவான பிறகுதான், அதுவும் கலந்துகொண்டவருக்குத்தான், 10 நாளுக்குள். நிபந்தனையே உள்ளே விடாத மனிதர் எங்கே போவார்? முறையீட்டைக் கேட்பதும் அரசேதான். உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் டெண்டர் முடிவுகளுக்கு நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றம்போல் செயல்படாது என்று உச்ச நீதிமன்றம் 1994லேயே டாடா செல்லுலார் வழக்கில் சொல்லிவிட்டது. சின்ன வேலைக்கு வக்கீல் செலவும் கட்டுப்படியாகாது.

ராஜஸ்தான் 2012இல் கொண்டுவந்த சட்டத்தில், இனி கலந்துகொள்ள நினைப்பவரும் மேல்முறையீடு செய்யலாம். நமக்கும் அது வேண்டும். கூடவே, உறை திறப்பதற்கு முன்பே நிபந்தனையை எதிர்க்கும் உரிமை வேண்டும். கேட்பவர் அந்தத் துறைக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். எதிர்ப்பும் அதற்கான பதிலும் டெண்டர் தளத்திலேயே எல்லோரும் படிக்கும்படி வர வேண்டும்.

டெண்டர் போடத் தரும் அவகாச விஷயத்திலும் இதே குறைதான். 2 கோடி வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் தர வேண்டும் என்பது விதி. குறைத்தால் மேலதிகாரி காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணம் கோப்பிலேயே கிடந்தால் போட்டியிட வந்தவருக்கு எப்படித் தெரியும்? அதையும் அறிவிப்போடு சேர்த்தே வெளியிடட்டும்.

வேலை தாமதமாகும் என்பார்கள். எதிர்ப்பைச் சொல்ல 5 நாள், தீர்ப்பு சொல்ல 7 நாள் என்று சட்டத்திலேயே கெடு வைத்துவிடலாம். வழக்கில் சிக்கி ரத்தாகும் டெண்டரைத் திரும்ப அறிவித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகிறது. அதுவரை ஊர்க்காரர்கள் குண்டும் குழியுமான ரோட்டில்தான் போக வேண்டியிருக்கிறது.