ஆளுக்கொரு நாட்டில் இருந்து ஒரே படம்: விஆர் கண்ணாடி வாங்கலாமா?

கேள்வி: உயர்தரம் ஒன்றாகப் படித்த நான்கு பேர் நாங்கள். ஒருவன் பரிசில், ஒருவன் ரொரன்ரோவில். நானும் மற்றவனும் ஊரில்தான். வெளிநாட்டுக்காரர் இரண்டு பேரும் மெட்டா குவெஸ்ட் என்ற விஆர் கண்ணாடி வாங்கிவிட்டார்கள். “நீங்களும் வாங்குங்கோடா, தியேட்டரில் இருக்கிற மாதிரிச் சேர்ந்து படம் பார்க்கலாம்” என்று வட்ஸ்அப்பில் ஒரே கரைச்சல். வாங்கலாமா? வாங்கினால் எது?
— புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: கூட்டாளிமார் சொல்வதில் பாதி உண்மை, தம்பி. அந்தப் பாதியை முதலில் சொல்கிறேன். இது கண்ணை மூடித் தலையில் கட்டுகிற ஒரு திரை. பிக்ஸ்கிரீன் போன்ற ஒரு செயலிக்குள் போனால் இருட்டான தியேட்டர், கதிரைகள், முன்னால் பெரிய திரை எல்லாம் இருக்கும். நண்பர்கள் பொம்மை உருவத்தில் பக்கத்துக் கதிரைகளில் இருப்பார்கள். இடப்பக்கம் இருப்பவன் கதைத்தால் குரல் இடப்பக்கத்தில் இருந்துதான் வரும். அவன் தலையைத் திருப்பினால் பொம்மையும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். கதாநாயகன் ஓடி வரும்போது காதுக்குப் பக்கத்தில் “இனி உவர் பறந்து அடிப்பார் பார்” என்று ஒருவன் முணுமுணுப்பானே, அதற்குத்தான் இந்தக் காசு. வீடியோ அழைப்பில் அது வராது.

மற்றப் பாதி, படம் “தியேட்டர் மாதிரி” இருக்கும் என்பது. அளவில் சரி, தெளிவில் இல்லை. மெட்டாவின் மலிவான மொடலான குவெஸ்ட் 3எஸ் கண்ணாடியில் ஒரு கண்ணுக்கு 1832×1920 புள்ளிகள். கேட்கப் பெரிய கணக்குத்தான். ஆனால் அத்தனை புள்ளிகளும் உங்கள் பார்வை முழுக்கப் பரவி நிற்கின்றன, கதிரைக்கும் சுவருக்கும்கூட அதில் பங்கு உண்டு. சினிமாத் திரைக்குக் கிடைப்பது மிச்சம்தான். அதனால் வீட்டில் இருக்கிற சாதாரண ஃபுல் எச்டி ரிவியைவிடக் கீழே ஓடும் எழுத்துகள் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். 2023இல் வந்த குவெஸ்ட் 3 இதைவிட மேல். 2064×2208 புள்ளிகள், வில்லையும் வேறு வகை, ஓரம் வரைக்கும் தெளிவு. அமெரிக்காவில் அது 499 டொலருக்கு வெளிவந்தது. 3எஸ் 2024இல் 299 டொலருக்கு வந்தது. நீங்கள் காசு கொடுப்பது கூட்டாளிமாரின் சத்தத்துக்கு என்பதால் 3எஸ் போதும் என்பதே என் எண்ணம். 3,499 டொலர் விலையோடு வந்த ஆப்பிள் விஷன் புரோவைப் பற்றி யாராவது கதை எடுத்தால் கதையை மாற்றிவிடுங்கள்.

இனி, கடைக்காரர் சொல்லாத விஷயங்கள். கண்ணாடியின் எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பற்றரி இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம்தான் தாங்கும், நம்முடைய படங்களோ அதைத் தாண்டி ஓடும். உச்சக்கட்டச் சண்டையில் கண்ணாடி நின்றுபோகும். ஒரு பவர் பாங்கைச் சட்டைப் பையில் போட்டு வயரைக் கொழுவிக்கொண்டு பாருங்கள். தகரக் கூரை வீட்டில், சித்திரை வைகாசி வெக்கையில், முகத்தில் அரைக் கிலோ இறுக்கிக் கட்டினால் நெற்றி வியர்வை பஞ்சில் ஊறி வில்லையில் ஆவி படியும். மின்விசிறியை முகத்துக்கு நேரே வையுங்கள். தலைசுற்றல் சிலருக்கு வரும். கதிரையில் அசையாமல் இருந்து படம் பார்ப்பதில் அது குறைவு, விளையாட்டுகளில்தான் கூட.

மெட்டா நிறுவனம் இலங்கையில் இந்தக் கண்ணாடியை நேரடியாக விற்பதில்லை. இங்கே கடையில் இருப்பது யாரோ இறக்கியது, விலையும் அவர் வைப்பதுதான். பரிஸ் நண்பன் வரும்போது கொண்டுவருவது நல்லது, ஆனால் பழுதுபட்டால் உத்தரவாதத்துக்கு அவன்தான் அங்கே நின்று கதைக்க வேண்டும், பற்றுச்சீட்டையும் அவனே வைத்திருக்கட்டும். அதற்கு முன் ஒன்று: ஆடி ஆவணியில் விடுமுறைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவரிடம் இந்தக் கண்ணாடி இருக்கும். வாங்கி ஒரு முழுப் படம் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் போட்டவர்கள் எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டரை மணி நேரம் போட்ட பிறகு முடிவெடுங்கள்.

அப்புறம், ஊரில் இருக்கிற உங்கள் மற்றக் கூட்டாளி என்ன செய்யப்போகிறார்? அவர் வாங்கவில்லையென்றால் அவர் மட்டும் வெளியே. அவரும் வாங்கினால் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்து பார்க்காதீர்கள். நேரே ஒரு தரம், கண்ணாடிக்குள் இன்னொரு தரம் என்று ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்டு எரிச்சல் வரும்.

கேள்வி: எங்கள் பக்கம் பைபர் இன்னும் வரவில்லை. 4ஜி ரவுட்டர்தான். கனடாவில் இருக்கிற அக்காவோடு விஆரில் படம் பார்க்க இது காணுமா? எவ்வளவு டேட்டா போகும்?
— ஒட்டுசுட்டான் வாசகி

பதில்: காணும் தங்கச்சி, படத்தைப் போடுபவர் அக்காவாக இருந்தால். இந்தச் செயலிகளில் ஒருவர் தன் கணினித் திரையை மற்றவர்களுக்குக் காட்டுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். காட்டுபவரின் இணைப்பில் மேலே அனுப்பும் வேகம்தான் முக்கியம். 4ஜியில் கீழே இறங்குகிற வேகம் நன்றாக இருந்தாலும் மேலே அனுப்புகிற வேகம் பொதுவாக அதைவிடக் குறைவு, மாலையில் எல்லோரும் பாவிக்கும் நேரத்தில் இன்னும் மோசம். ஆகவே நீங்கள் போடாதீர்கள், அக்கா போடட்டும்.

டேட்டாவுக்கு ஒரு கணக்கு: எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும் என்று நெட்ஃபிளிக்ஸ் தன் சேவைக்குச் சொல்கிறது. அதையே அளவாக வைத்தால் இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏழெட்டு ஜிபி. மாதத்துக்கு நான்கு படம் என்றால் ஒரு சாதாரணப் பொதியில் பாதி அதற்கே போய்விடும். ஆனால் உங்கள் பொதியில் நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கிற இரவு டேட்டா என்று ஒரு தொகை இருக்கிறதா பாருங்கள். பலருக்கு அது தொடாமலே மாதம் முடிகிறது. கோடையில் ரொரன்ரோவில் சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை என்றால் நமக்கு இரவு 12 மணி. அக்காவுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய ஓய்வு, உங்களுக்கு இரவு டேட்டா தொடங்குகிற நேரம். அடுத்த நாள் ஞாயிறு, எழும்பப் பிந்தினாலும் பரவாயில்லை. குளிர்காலத்தில் அங்கே மணிக்கூட்டை மாற்றுவதால் அதே இரண்டரை நமக்கு ஒரு மணியாகும்.

ஒன்றை மட்டும் காசு கொடுக்க முன் அக்காவிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற சேவைகளின் படங்களில் களவாகக் கொப்பி எடுக்க முடியாதபடி ஒரு பூட்டு இருக்கிறது. அவற்றைத் திரைப் பகிர்வில் காட்டப் போனால் சத்தம் வரும், படம் கறுப்பாக இருக்கும். கண்ணாடி பழுது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். தயாரிப்பாளர்களே யூடியூப்பில் ஏற்றி வைத்திருக்கிற பழைய படங்களை இப்படிப் பார்க்கலாம். புதுப்படம்தான் வேண்டுமென்றால் இரண்டு பேரும் அவரவர் சந்தாவில் ஒரே நேரத்தில் “மூன்று, இரண்டு, ஒன்று” சொல்லி பிளே பொத்தானை அமத்திவிட்டு, வட்ஸ்அப் அழைப்பைத் திறந்து வைத்துப் பார்க்கிற பழைய முறைதான் இப்போதைக்குக் கரைச்சலில்லாதது. அதற்குக் கண்ணாடியே தேவையில்லை.

கேள்வி: இணையத்தில் மிக மலிவாக “விஆர் பொக்ஸ்” விற்கிறார்கள். போனை உள்ளே செருகினால் போதுமாம். இதிலும் நண்பர்களோடு படம் பார்க்கலாமா?
— மாங்குளம் வாசகர்

பதில்: வேண்டாம். அது இரண்டு வில்லை பூட்டிய பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதான். 2014இல் கூகிள் இதே வேலையை மட்டைப் பெட்டியில் செய்து காட்டியது. உங்கள் போன் திரை இரண்டாகப் பிரிகிறது. ஃபுல் எச்டி போனில் ஒரு கண்ணுக்கு 960×1080 புள்ளிகள்தான் மிச்சம். போனில் திரும்புவதை உணர்கிற ஜைரோஸ்கோப் இல்லையென்றால் தலையைத் திருப்பினாலும் படம் திரும்பாது, மலிவான போன்கள் பலவற்றில் அது கிடையாது. அரை மணி நேரத்தில் போன் சூடேறிவிடும். மேலே சொன்ன தியேட்டர் செயலிகள் இதற்குப் பொருந்தியும் வராது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல இயர்போன் வாங்குங்கள்.

கேள்வி: வவுனியாவில் ஒருவர் பாவித்த குவெஸ்ட் 2 விற்கிறார். “பெட்டியில் இருந்து எடுத்தே இல்லை” என்கிறார். நம்பி வாங்கலாமா?
— செட்டிகுளம் வாசகர்

பதில்: குவெஸ்ட் 2, 2020இல் வந்த சாமான். படம் பார்க்க இன்றைக்கும் பிழையில்லை, ஒரு கண்ணுக்குப் புள்ளிக் கணக்கு 3எஸ் அளவேதான். ஆனால் 2024இல் விற்பனை நின்றுவிட்டது. 3எஸ் விலைக்குக் கிட்டக் கேட்டால் எழும்பி வாருங்கள்.

பார்க்க வேண்டியது முதலில் வில்லை. கண்ணாடியைப் போட்டு வெள்ளைப் பின்னணி உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து, எரிந்த புள்ளிகளோ மஞ்சள் கோடுகளோ தெரிகிறதா என்று இரண்டு கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். இந்த வில்லைகள் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கிற திரையைச் சுட்டுவிடும். யன்னலோரத்திலோ வாகனத்தின் முன் தட்டிலோ வில்லை மேலே பார்த்தபடி சில நிமிடம் கிடந்தாலே போதும். அதைத் திருத்த முடியாது. நம்முடைய வெயிலுக்கு இதைப் பெட்டிக்குள் வைக்கிற பழக்கம் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது மெட்டா கணக்கு. விற்பவர் தன் கணக்கைக் கண்ணாடியில் இருந்து நீக்கி, உங்கள் கண் முன்னால் கண்ணாடியைப் புதுசு போல மீளமைத்துத் தரட்டும். பிறகு அவர் வீட்டிலேயே இருந்து உங்கள் போனில், உங்கள் கணக்கில் முழுவதும் இணைத்து, ஒரு படம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். “வீட்டை போய்ப் போடுங்கோ, வேலை செய்யும்” என்றால் காசும் பிறகுதான். முகத்தில் படுகிற பஞ்சின் நிறத்தைப் பார்த்தாலே “எடுத்தே இல்லை” என்ற கதை எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிடும்.

கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள், அதில் மொடல் பெயரும் தொடர் இலக்கமும் இருக்கட்டும். ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடலாம். அது வியாபாரிகளுக்குத்தான். வீட்டில் இருந்து ஒரு சாமானை விற்கிற தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி உதவாது. விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மகனுக்கு எட்டு வயது. லண்டனில் இருக்கிற சித்தப்பா, “இரண்டு பேரும் சேர்ந்து கார்ட்டூன் படம் பார்ப்பம்” என்று குவெஸ்ட் ஒன்று அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா?
— கிளிநொச்சித் தாய்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மெட்டாவே பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்கிறது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெற்றோர் கண்காணிக்கிற கணக்கில் மட்டும்தான். வில்லைகளின் இடைவெளியும் வளர்ந்தவர்களின் கண்ணுக்கு அமைந்தது, 3எஸ் கண்ணாடியில் ஆகக் குறைந்தது 58 மில்லிமீற்றர். அதோடு இந்தத் தியேட்டர் செயலிகளில் யாரும் வந்து உட்காரக்கூடிய பொது அறைகள் உண்டு. முன்பின் தெரியாத பெரியவர்களின் குரல் நேரே பிள்ளையின் காதுக்குப் போகும், வெளியே நிற்கிற உங்களுக்குத் திரையும் தெரியாது.

சித்தப்பா குறை நினைப்பார் என்றால் கண்ணாடியை நீங்களோ கணவரோ பாவியுங்கள், பொது அறைக்குப் போகாமல் அவர் திறக்கிற தனி அறைக்கு மட்டும். மகனுக்கு லப்டொப்பை எச்டிஎம்ஐ வயரால் ரிவியில் கொழுவி, போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு ரிவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். சித்தப்பா அங்கே அதே படத்தைப் போடட்டும். கோடையில் லண்டனில் பிற்பகல் இரண்டு மணி நமக்கு மாலை ஆறரை, படம் முடிய மகன் சாப்பிட்டுப் படுக்க நேரம் சரியாக இருக்கும்.