பாதி மீன், பாதி மரம், ஆனா அது நாள் முழுக்க என்ன பண்ணும்?

காசிமேட்டுல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. எண்ணூர் கழிமுகத்துல வாழற மாதிரி ஒரு கற்பனைப் பிராணிய வெச்சு காமிக்ஸ் வரையறாராம், பாதி சேத்துல தாவற மீன், பாதி கண்டல் மரம் (கழிமுகத்து உப்புத்தண்ணி சேத்துல வளருமே, அது), பேரு கண்டலுளுவான். படமும் அனுப்பியிருக்காரு. முதல் பக்கம் சூப்பரா வந்துடுச்சு, ரெண்டாவது பக்கத்துல அது என்ன பண்ணும்னே தெரியல, குணம் எப்படி குடுக்கறதுன்னு கேக்கறாரு.

தம்பி, முதல்ல படத்துல வரைஞ்சிருக்கற அந்த ரெக்கையை எடுத்துடுங்க. அழகாதான் இருக்கு, ஆனா அதுக்கு அங்க வேலையே இல்ல. உடம்புல ஒண்ண ஒட்டறதுக்கு முன்னாடி இந்தப் பிராணிக்கு என்ன கஷ்டம்னு பாருங்க, பழக்கமெல்லாம் அதுலேர்ந்துதான் வரும். கழிமுகத்துல ஒரு நாளைக்கு பொதுவா ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம், அதுவும் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும். அப்போ உங்க கண்டலுளுவான் சூரியன பார்த்து எழுந்திரிக்காது, தண்ணி இறங்கறத பார்த்துதான் எழுந்திரிக்கும். இன்னிக்கு காலைல பசியோட வெளிய வரது அடுத்த வாரம் மத்தியானம் வரும். உங்க ரெண்டாவது பக்கம் இங்கயே கிடைச்சிடுச்சு பாருங்க.

சேத்துல தாவற மீன் தோல் வழியாவும் வாய்க்குள்ள இருக்கற சவ்வு வழியாவும் மூச்சு விடும், ஆனா தோல் ஈரமா இருந்தாதான் நடக்கும், அதனால அப்பப்போ சேத்துல பொரண்டுக்கும், கண்ண கூட குழிக்குள்ள இழுத்து நனைச்சுக்கும். கோவமா பேசிட்டு இருக்கும்போது நடுவுல கண்ணு உள்ள போய் வந்தா எப்படி இருக்கும், யோசிங்க!

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது முட்டை விஷயம். ஜப்பான்ல ஒரு வகை இருக்கு, சேத்துக்கு அடியில வளை தோண்டி அதுல ஒரு அறை, அந்த அறை மேல்சுவத்துல முட்டை. அங்க தண்ணில ஆக்சிஜன் ரொம்ப கம்மி, அதனால ஆண் மீன் மேல வந்து வாய் நெறைய காத்த அடைச்சு கொண்டு போய் உள்ள விடும், திரும்பத் திரும்ப இதே வேலை. குஞ்சு பொரிக்கற நேரம் வந்ததும் அதே அப்பன் காத்தையெல்லாம் வாயால எடுத்து வெளிய விட்டு அறையில தண்ணிய நிரப்பும், அப்போதான் முட்டை பொரியும். ஒரு அப்பா கேரக்டருக்கு இத விட என்ன வேணும் சொல்லுங்க.

மரப் பாதிக்கு வருவோம். முதுகுல இலை இருக்கு, வெயில்லயே சாப்பாடு ஆயிடும்னு எழுதியிருக்கீங்க. ஆகாது, தாவற உடம்புக்கு அது பத்தாது. அமெரிக்கா கிழக்குக் கரையில ஒரு பச்சை கடல் நத்தை, பாசிய தின்னு அதோட குளோரோபிளாஸ்ட்ட (வெயில்ல சாப்பாடு தயாரிக்கற பச்சைத் துணுக்கு) மட்டும் செரிக்காம மாசக்கணக்கா உடம்புல வெச்சிருக்கும், அதுவே தட்டையா மெதுவா ஊர்ற ஜந்து. உங்க இலைக்கு வேற வேலை குடுங்க. வெண்கண்டல் இலை உப்ப வெளிய தள்ளும், காஞ்சா மேல வெள்ளையா பொடி நிக்கும், நக்கினா கரிக்கும். உப்பு ஏற ஏற முதுகு வெளுக்கட்டும், வயசு, அலுப்பு ரெண்டையும் அதுல காட்டலாம். கொம்ப தலைல வெக்காம, காத்துக்காக சேத்துக்கு மேல நீட்டிட்டு இருக்கற மரத்தோட மூச்சுவேர் மாதிரி வால்ல நட்டுக்க விடுங்க, தூங்கும்போது அது மட்டும் சேத்துக்கு மேல குச்சி குச்சியா தெரியும்.

வில்லனுக்காக ராட்சசன் ஒண்ணும் வரைய வேணாம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர்ல எண்ணெய் பரவினது உங்களுக்கே தெரியும். தோலால மூச்சு விடற பிராணிக்கு உடம்பு மேல எண்ணெய் படிஞ்சா என்ன ஆகும், அத மூணாவது பக்கத்துல வைங்க.